63 சதவீதத்திலேயே நிக்குதே!

"லேய், அது இன்னும் செக் பண்ணிட்டேதான் இருக்கா?"

ராத்திரி பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வந்த அப்பா கேட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு சாயா குடிக்க வந்தபோதும் இதையேதான் கேட்டிருந்தார். இரண்டு தடவையும் திரையில் ஒரே எண், 63 சதவீதம். கோப்புகளைச் சரிபார்ப்பதாக ஆங்கிலத்தில் ஒரு வரி. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆமாப்பா."

"நாலு மணி நேரமாவா? கடையில மொத்த ஸ்டாக்கும் எடுத்திருந்தாக்கூட நான் இந்நேரம் முடிச்சிருப்பேன்."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் படுத்தபிறகு யோசித்துப் பார்த்தேன், நியாயமான பேச்சு. அப்பா ஸ்டாக் எடுக்கும்போது நடுவில் நின்றுபோனால், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால் பதில் இருக்கும். "கடலைப்பருப்பு மூட்டை ஒண்ணு குறையுது மக்கா" என்பார். லாஞ்சரிடம் கேட்டால் 63 என்கிறது. எந்தக் கோப்பில் நிற்கிறாய், படிக்க முடியவில்லையா, இணையம் கிடைக்கவில்லையா, தூங்குகிறாயா? ம்ஹூம். 63.

கேம் ஆடாத புண்ணியவான்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். முன்னெல்லாம் சிடியைப் போட்டால் கேம் ஓடும். இப்போது கேமைத் திறக்க முதலில் இன்னொரு மென்பொருளைத் திறக்க வேண்டும். அதுதான் லாஞ்சர். வாங்குவது, இறக்குவது, அப்டேட் போடுவது எல்லாம் அதன் வழியாகத்தான். 2003-ல் ஸ்டீம் வந்தது. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் டிஸ்க் வாங்கியவர்கள்கூட ஸ்டீமில் கணக்குத் திறந்து, இணையம் வழியாக அனுமதி வாங்கினால்தான் ஆட முடியும் என்று ஆனது. அப்போது உலகம் முழுக்கத் திட்டினார்கள். பிறகு எல்லா கம்பெனியும் ஆளுக்கொரு லாஞ்சர் வைத்துக்கொண்டது. நாமும் பழகிவிட்டோம்.

என்னுடைய லாஞ்சர் எது, கேம் எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் "அது மோசம், இது நல்லது" என்று சண்டைதான் நடக்கும். நான் பார்த்தவரையில் இந்த ஒரு விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

கேமின் அளவு 70 ஜிபி. தக்கலையில் எங்கள் தெரு முனைவரைக்கும் ஃபைபர் வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. அப்படியென்றால் இவன் 70 ஜிபியை எப்படி இறக்கினான் என்று கேட்பீர்கள். இறக்கவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு நண்பனிடம் அதே கேம் இருந்தது. லீவில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், ஃபோல்டரோடு காப்பி எடுத்து வந்தேன். கேமுக்கான காசை என் கணக்கில் கட்டியிருந்தேன் (திருட்டு கேம் இல்லை சாமி, முறைக்காதீர்கள்). லாஞ்சரிடம் "இந்தா, ஃபோல்டர் இங்கேதான் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்" என்றேன். சரிபார்த்தது. நண்பனுடைய காப்பி கொஞ்சம் பழசு என்பதால் 3 ஜிபி மட்டும் கூடுதலாக இறக்கியது. ஒன்றரை நாள் டேட்டா. வேலை முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், 'கோப்புகளைச் சரிபார்' என்ற அந்த வசதிதான் நம்மைப் போன்றவர்களுக்கு லாஞ்சர் செய்யும் ஒரே பெரிய உபகாரம். அது நடப்பது இப்படி. கேமின் ஒவ்வொரு கோப்பையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஸ்டீமில் ஒரு துண்டு ஏறக்குறைய 1 எம்பி. ஒவ்வொரு துண்டையும் ஒரு கணக்கில் போட்டால் ஒரு விடை வரும். அந்த விடைக்குப் பெயர் ஹாஷ். எஸ்எச்ஏ-1 என்ற முறையில் போட்டால், கொடுப்பது 1 எம்பியோ 1 ஜிபியோ, விடை எப்போதும் 160 பிட்தான். எழுதினால் 40 எழுத்து. உள்ளே ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் விடை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். கம்பெனியின் சர்வரில் சரியான விடைகளின் பட்டியல் இருக்கிறது. லாஞ்சர் நம் டிஸ்க்கில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்து, கணக்குப் போட்டு, பட்டியலோடு ஒப்பிடும். ஒத்துவராத துண்டுகளை மட்டும் இறக்கும். 70 ஜிபியில் 1 எம்பி கெட்டிருந்தால் 1 எம்பிதான் செலவு.

ஸ்டீம் 2023-ல் இதையே இன்னும் வசதியாக்கி, ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து கேமை எடுத்துக்கொள்ளும் வழியைக் கொண்டுவந்தது. நாங்கள் பஸ்ஸில் செய்ததை அவர்கள் வயரில் செய்கிறார்கள், அவ்வளவுதான் :-)

சரி, 63-க்கு வருவோம்.

அன்றைக்கு மத்தியானம் மழை. நம் ஊரில் இரண்டு பருவமழையும் அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மரக்கிளை விழுந்தால் கரண்ட் போகும், விழுமோ என்று சந்தேகம் வந்தாலும் போகும். (2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து பல நாள் இருட்டில் கிடந்தவர்களுக்கு இதெல்லாம் தூசு. நான் அப்போது பள்ளிக்கூடத்தில்.) அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது டப்பென்று போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. கரண்ட் வந்ததும் லாஞ்சர் தானாகவே சரிபார்க்க ஆரம்பித்தது. அதில் தப்பில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸ் கோப்பின் பெயரையும் அளவையும் ஒழுங்காக வைத்திருக்கும், உள்ளே இருக்கும் சரக்குக்கு உத்தரவாதம் கிடையாது. வெளியே பார்த்தால் 2 ஜிபி கோப்பு, உள்ளே பாதி வெறும் பூஜ்ஜியமாக இருக்கலாம். சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் 63-ல் நின்றது. லாஞ்சரை மூடித் திறந்தேன், முதலிலிருந்து ஓடி 63-ல் நின்றது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். அதே 63.

வகுப்பு குரூப்பில் கேட்டேன். ஏழு பேர் பதில் சொன்னார்கள். ஏழு பேரும் சொன்னது ஒன்றே: "அழிச்சிட்டு திரும்பப் போடு மச்சி." ஆங்கிலத்தில் தேடினேன். அங்கேயும் கம்பெனி ஆட்கள் முதல் கத்துக்குட்டிகள் வரை எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான்.

எனக்கு வெப்ராளம் வந்ததே இங்கேதான். கணக்குப் போடுங்கள். 70 ஜிபி, நாளைக்கு 2 ஜிபி, 35 நாள். அதுவும் அந்த 35 நாளும் நான் வேறு எதற்கும் இணையத்தைத் தொடாமல் இருந்தால். மறுபடி காப்பி எடுக்கலாம் என்றால், மார்த்தாண்டத்து நண்பன் வேலை கிடைத்து கம்ப்யூட்டரோடு பெங்களூரு போய்விட்டான். "அழிச்சிட்டுப் போடு" என்பது டேட்டா குழாயில் தண்ணீர் மாதிரி வரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லும் வைத்தியம். தலைவலி என்று போனால் தலையை மாற்றிக்கொள் என்பது மாதிரி. வேலை செய்யும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நோய் என்ன என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

அழிக்கவில்லை. பிடிவாதம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் டேட்டா இல்லை.

முதலில், நின்றுவிட்டதா இல்லை மெதுவாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். 70 ஜிபியையும் ஒரு பைட் விடாமல் படித்தாக வேண்டும் அல்லவா? பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படித்தால் 700 நொடி, அதாவது 12 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். நடுவில் ஆன்ட்டிவைரஸ் புகுந்து, லாஞ்சர் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் தானும் ஒருமுறை மோந்து பார்த்தால் இன்னும் இழுக்கும். அரை மணி, ஒரு மணி என்றால் பொறுக்கலாம். நாலு மணி நேரம் என்பது மெதுவாகப் போவது இல்லை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்கிறது. ஆனால் படிக்கும் வேகம்? பூஜ்ஜியம். அவ்வப்போது சில கேபி. மாடு மூச்சு வாங்க இழுக்கிறது, வண்டி நகரவே இல்லை. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதில் டிஸ்க் பக்கத்துக்குப் போனால் இந்த நிமிஷம் எந்த மென்பொருள் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று பெயரோடு காட்டும். லாஞ்சருக்கு நேராக ஒரே ஒரு கோப்பு. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன், அதே கோப்பு. லாஞ்சரை மூடித் திறந்து 63 வரும்வரை காத்திருந்து பார்த்தேன், அதே கோப்பு.

அப்புறம் ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தன் சங்கடங்களை எல்லாம் எழுதிவைக்கும் டைரி அது. திறந்ததும் வரிசையாகச் சிவப்பு. 'டிஸ்க்' என்ற தலைப்பில் நிகழ்வு எண் 7. டிஸ்க்கில் ஒரு இடம் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். ஒன்று இரண்டு இல்லை, நான் 63-ஐ வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் கட்டத்தில் 'கவனம்'. டிஸ்க்கே தன் உடம்பைப் பற்றி வைத்திருக்கும் கணக்கில், படிக்க முடியாமல் தவிக்கும் இடங்களின் எண்ணிக்கை பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தது.

அதாவது லாஞ்சரில் கோளாறே இல்லை. மழை கெடுத்த கோப்பு என்று நான் நினைத்ததும் தப்பு. டிஸ்க் சாகிறது. கெட்ட இடம் வந்ததும் டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, விண்டோஸ் காத்திருக்கிறது, விண்டோஸுக்காக லாஞ்சர் காத்திருக்கிறது, லாஞ்சருக்காக நான், எனக்காகச் சோறு.

எனக்கு அப்போது கேம் ஞாபகமே இல்லை. அந்த டிஸ்க்கில் வேறு என்ன இருக்கிறது என்பதுதான் ஞாபகம் வந்தது.

அது மாமா கல்லூரி சேர்ந்ததற்காக நாகர்கோவிலில் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். வீட்டில் எல்லோருடைய போனும் நிறைந்துபோகும்போதெல்லாம் "மக்களே, இதை அதுல ஏத்தி வை" என்று அம்மா தருவார். அக்கா கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். ஆச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கோழியைத் திட்டும் ஒரு நாலு நிமிஷ வீடியோ இருக்கிறது. அவர் குரல் எங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான். வேறு எங்கேயும் காப்பி இல்லை. (ஆமாம், திட்டுங்கள். கம்ப்யூட்டர் படிக்கிறவன்தான்.)

இப்போது அந்த ஏழு பேரின் வைத்தியத்தை யோசித்துப் பாருங்கள். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அநேகமாக வேலை செய்திருக்கும்! அதுதான் பயமே. கெட்ட இடத்தின் மேல் புதிதாக எழுதும்போது டிஸ்க் அதை ஓரங்கட்டிவிட்டு வேறு இடத்தைக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். சரிபார்ப்பு 100 தொட்டிருக்கும். நானும் "கொள்ளாம், சரியாயிட்டு" என்று ஆட உட்கார்ந்திருப்பேன். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேல் 70 ஜிபியைப் புதிதாக ஏற்றியும் இருப்பேன். அடுத்த தடவை அது நின்றிருக்கும் இடம் ஆச்சியின் வீடியோவாக இருந்திருக்கலாம், இல்லை டிஸ்க் மொத்தமாகவே கண்ணை மூடியிருக்கலாம்.

63 சதவீதத்தில் நின்றது எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதை எச்சரிக்கை என்று புரிந்துகொள்ள நான் மூன்று ஜன்னல்களைத் திறந்து துப்பறிய வேண்டியிருந்தது. லாஞ்சருக்கு அந்தக் கோப்பின் பெயர் தெரியும். எத்தனை நிமிஷமாக ஒரே கோப்பில் நிற்கிறோம் என்றும் தெரியும். "இந்தக் கோப்பை 5 நிமிஷமாகப் படிக்க முடியவில்லை, உங்கள் டிஸ்க்கைக் கவனியுங்கள்" என்று ஒரு வரி. இதைக் கேட்பது பேராசையா?

'சாதாரண ஜனங்கள் கோப்புப் பெயரைப் பார்த்தால் மிரண்டுவிடுவார்கள், எளிமையாக இருக்க வேண்டும்' என்பார்கள். எங்கள் டிசைன் வகுப்பிலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. களியக்காவிளை செக்போஸ்டில் பஸ் நின்றால் கண்டக்டர் எட்டிப் பார்த்து "முன்னாடி லாரியை மறிச்சிருக்கான்" என்று சொல்வார். பஸ்ஸில் இருக்கும் யாரும் லாரி மெக்கானிக் இல்லை. ஆனாலும் காரணம் தெரிந்தால், காத்திருப்பதா இறங்கி ஆட்டோ பிடிப்பதா என்று முடிவு செய்யத் தெரியும். பழைய சிடி காலத்து இன்ஸ்டாலர்களில் காப்பி ஆகும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் கீழே கடகடவென்று ஓடும். பழைய கேம்களைப் போட்டுப் பார்த்தால் இன்றைக்கும் பார்க்கலாம். யாரும் மிரண்டதாகத் தெரியவில்லை. எங்கே நின்றது என்று மட்டும் தெரிந்தது.

இத்தனைக்கும் தகவல் இல்லாமலில்லை. ஸ்டீமை எடுத்துக்கொண்டால் 'லாக்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் 'கன்டென்ட் லாக்' என்று ஒரு கோப்பு இருக்கிறது, இறக்கிய விவரமெல்லாம் அதில் எழுதியிருக்கும். எழுதுகிறார்கள், ஆனால் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வட்டத்தைச் சுற்ற விடுகிறார்கள்.

எல்லோருக்கும் டிஸ்க்தான் காரணமாக இருக்கும் என்று பயமுறுத்தவில்லை. என் ஜூனியர் ஒருவனுக்கு எப்போதும் பூஜ்ஜியத்திலேயே நிற்கும். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் தேதி 2009 ஜனவரி 1! மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்குமே, அது தீர்ந்துபோயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பட்டியலே வந்து சேராது, பிறகு எதை ஒப்பிடுவது? பேட்டரி மாற்றியதும் ஓடியது. பாவி, அதற்குமுன் இரண்டு தடவை கேமை அழித்துப் போட்டிருந்தான். என் அனுபவத்தில், பூஜ்ஜியத்தில் நின்றால் இணையத்தையும் தேதியையும் பாருங்கள். 99-க்கு மேல் போய் நின்றால் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, ஆன்ட்டிவைரஸ் எழுதவிடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். நடுவில், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றால், கேமை விடுங்கள், முதலில் வீட்டுப் படங்களைக் காப்பி எடுங்கள். டிஸ்க்கைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று செக்டிஸ்க்கை முழுசாக ஓட விடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சாகக் கிடக்கிறவனை ஓடவிட்டு டெஸ்ட் எடுக்கக் கூடாது.

நான் காப்பி எடுத்தது விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பியை வைத்து. அதில் ஒரு வேடிக்கை. ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் அது எத்தனை தடவை மறுபடி முயலும் தெரியுமா? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 நொடி. அதையும் விட்டால் என் பேரன் காலத்தில்தான் முடியும். ஒரு தடவை முயன்றுவிட்டு நகர் என்று சொல்லி ஓடவிட்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒவ்வொரு கோப்பின் பெயரும் வந்தது. எது வரவில்லையோ அதன் பெயரும் வந்தது.

விடிய மூன்று மணி ஆனது. கல்யாண ஆல்பத்தில் 4 படங்கள் வரவில்லை. நாலும் சாப்பாட்டுப் பந்தி. அக்காவிடம் சொன்னேன், "சவம் போகட்டும், நான் அதுல கண்ணை மூடிட்டுதான் இருப்பேன்" என்றாள். ஆச்சி வீடியோ முழுசாக வந்தது. இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது.

அடுத்த வாரம் மாமா ஒரு எஸ்எஸ்டி வாங்கிக் கொடுத்தார். பழைய டிஸ்க்கிலிருந்து கேம் ஃபோல்டரையும் அதே மாதிரி எடுத்துவைத்திருந்தேன், அந்த ஒரு கோப்பு நீங்கலாக. லாஞ்சரைப் போட்டு, சரிபார் என்றேன். ஓடி முடித்துவிட்டு, 1.2 ஜிபி இறக்க வேண்டும் என்றது. 70 இல்லை. 1.2.

அப்பா கடையிலிருந்து வந்ததும் கேட்டார், "என்னல, இன்னைக்கு ஸ்டாக் எடுத்து முடிஞ்சா?"

"முடிஞ்சுப்பா. ஒரு மூட்டைதான் குறைஞ்சது."